மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளி டொலர்

அப்பா,

என் வலது கைப் பெருவிரல் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய்த் தோலால் உரசினேன், போகவில்லை. இன்று காலை நான் வேலை செய்யும் பார்மசிக்கு மருந்து வாங்க வந்த ஒரு அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "மஞ்சள் அரைச்சனீங்களோ? வீட்டில என்ன விசேஷம்?" என்று கேட்டார். செத்தவீடு நடந்து ஒரு வருசமாகி ஆட்டைத் திவசம் முடியாத வீட்டில் வருசப்பிறப்பே இல்லை, பிறகெங்கே விசேஷம் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. "ஓம், சும்மா" என்று சிரித்துவிட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தேன்.

இந்த மஞ்சள் வந்த கதையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் நேரே வந்து கேட்டிருப்பேன், ஒரு சண்டையும் பிடித்திருப்பேன். இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்களே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் எல்லோரும் போன பிறகுதான் உங்கள் அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், வேட்டிகளுக்கு அடியில், அந்தப் பழைய பிஸ்கற் தகரப் பேணி. மூடியைத் திறக்கும்போது அது போடும் சத்தம் மாறவே இல்லை. உள்ளே ஒவ்வொரு காசும் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் மடித்தபடி கிடந்தது. வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடிக்காத நீங்கள், அந்தத் தாளுக்காக எத்தனை பேரை அரியண்டப்படுத்தியிருப்பீர்கள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரித்து முடிவதற்குள் அழுதும்விட்டேன்.

துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் மரக்கறியையும் ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகு உங்களுடையது. உங்களுடையது என்றால் துறைமுகத்தினுடையது, ஆனால் நீங்கள் பேசுவதைக் கேட்டால் யாரும் உங்கள் பாட்டன் சொத்து என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொரு கப்பலிலும் ஒரே ஒரு காசு கேட்பீர்கள், அதுவும் அந்த நாட்டின் ஆகச் சின்னக் காசு. "பெரிசைக் கேட்டாப் பிச்சை, பிள்ளை. சின்னதைக் கேட்டா ஞாபகம்" என்பீர்கள். உவர்மலை வீட்டின் முன்னறையில் பேப்பரை விரித்து அவற்றைப் பரப்பும்போது தம்பி உங்கள் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு, இது எந்த நாடு, அங்கே எத்தனை நாளில் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நான் தள்ளியிருந்து, இந்தக் காசுக்கு ஊரில் ஒரு ஐஸ்பழமும் வாங்க ஏலாது என்று நையாண்டி பண்ணுவேன்.

அது சும்மா சொன்ன நையாண்டி இல்லை. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருசப்பிறப்பன்று கைவிசேஷமாக வெற்றிலையில் புது ரூபாய்த் தாள் வைத்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு வெற்றிலையில் யாரோ ஒரு ராசாவின் தலை இருக்கும். ஒருமுறை அதைக் கொண்டுபோய்ச் சந்திக் கடையில் நீட்டினேன். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அழுதுகொண்டு வந்தேன். மறுநாள் வேலை முடிந்து வரும்போது உங்கள் கையில் ஐஸ்பழம் கரைந்து முழங்கைவரை வழிந்திருந்தது. "இது செலவழிக்க, அது வைச்சிருக்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்தக் காலத்தில் பேணியில் எல்லாவற்றுக்கும் பெரியதாக இருந்தது அந்த அமெரிக்க வெள்ளி டொலர். பழுதுபட்டு நெடுநாள் இங்கே கிடந்த ஒரு கப்பலின் கிழட்டு எஞ்சினியர் கொடுத்தது. அவருக்கு வயிற்றில் புண் என்று நீங்கள் தினமும் செவ்விளநீர் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். போகிற அன்று அவர் தன் சட்டைப் பையில் காலமெல்லாம் வைத்திருந்த காசை உங்கள் உள்ளங்கையில் வைத்து மூடினாராம். அதில் ஒரு பெண்ணின் தலை, சுருண்ட கூந்தல், நல்ல கொழுத்த கன்னம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆர் இந்த வெள்ளைக்காரி? வீட்டுக்க கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்றா. "வெள்ளிக்காரி. சோறு கேக்க மாட்டாள், பயப்பிடாதையும்" என்றீர்கள். அன்றிலிருந்து அவள் பெயர் வெள்ளிக்காரி.

அம்மாவுக்கு உங்கள் காசுகளோடு இருந்த ஒரே வழக்கு அவற்றின் நிறம்தான். விளக்குகளைப் புளி போட்டு மினுக்குவா, குங்குமச் சிமிழைத் திருநீறு போட்டு மினுக்குவா. வெள்ளி கறுத்துக் கிடந்தால் வீட்டுக்குத் தரித்திரம் என்று அவவின் எண்ணம். பேணிப் பக்கம் வந்தால் நீங்கள் எழும்பி நிற்பீர்கள். "உம்மட புளியும் திருநீறும் குத்துவிளக்கோட நிக்கட்டும். என்ர காசுகளுக்குக் கிட்ட வரப்படாது." நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஏன் என்று ஒருநாளும் நீங்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். மாரி மழைக்குக் குசினிக் கூரை ஒழுகி அடுப்பு நனையத் தொடங்கியபோது மகள்தான் முதலில் சொன்னாள். "அம்மா, தாத்தாவின்ர காசுகளை ஆரிட்டையும் காட்டிப் பாப்பமே. வெள்ளிக் காசுக்கு இப்ப நல்ல விலையாம்." எனக்கும் சரியென்று பட்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் முகம் கழுவாத பிள்ளையை நிறுத்தலாமா, கறுத்த காசுகளும் அப்படித்தானே? குசினியில் பாயைப் போட்டு உட்கார்ந்து, உங்கள் திருநீற்றுத் தட்டத்தைப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக் காசுகள் அவ்வளவையும் ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்தேயென்று தேய்த்தேன். மண்ணிறமும் கறுப்புமாய்க் கிடந்ததெல்லாம் கண்ணாடித் துண்டுகளாய் மின்னின. அம்மா இருந்தால் என்னைத் தலையில் தூக்கி வைத்திருப்பா.

வெள்ளிக்காரியை மட்டும் காணவில்லை. பேணியைக் கவிழ்த்துப் பார்த்தேன், அலுமாரியைக் குடைந்தேன். அம்மாவின் வருத்தத்துக்கு மருந்து வாங்க நீங்கள் எப்போதோ விற்றிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் கல்லும் பழங்காசும் வாங்கி விற்கிற கிண்ணியா முஸ்லிம் நானாவை உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டுக் கண்ணில் வில்லையை வைத்தார். முதல் காசை எடுத்தார், வைத்தார். இரண்டாவதை எடுத்தார், வைத்தார். பிறகு வில்லையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதை ஆரு மினுக்கினது, தங்கச்சி?"

"நான்தான், நானா."

"எதால?"

"திருநீறால."

அவர் கொஞ்சநேரம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். "இதுட தோலை உரிச்சிட்டீங்களே" என்றார். வெள்ளியின் மேல் காலம் போகப்போக ஒரு தோல் படியுமாம். பழங்காசு வாங்குகிறவன் அந்தத் தோலைத்தான் பார்ப்பானாம். அதைத் தேய்த்தால் காசின் மேல் கீறல்தான் மிஞ்சுமாம். "இப்ப இது நிறைக்குப் போற வெள்ளி. வேற ஒண்டுமில்ல." எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும், உங்களுக்குத் தெரியும். "கடை வாசலில ஒரு பலகையில எழுதிப் போட்டிருக்கலாமே" என்றேன். அவர் சிரித்தார். பிறகு சட்டென்று, "அந்தப் பெரிய டொலர் எங்க? அதையும் மினுக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"அது இல்லை, நானா. அப்பா வித்திட்டார் போல."

"விக்கல்ல. என்னட்டக் கொண்டு வந்து காட்டினவரு. உங்கட தம்பிட காயிதம் வராம நிண்ட காலம். ஆள் வெச்சித் தேடக் காசு வேணும் எண்டு விலை கேட்டாரு. நானும் சொன்னன். யோசிச்சி யோசிச்சி இருந்திட்டு, இது வேற வேலைக்கி இருக்கட்டும் எண்டு எடுத்திட்டுப் போயிட்டாரு."

தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. தம்பியின் பெயரை எங்கள் வீட்டில் நாங்கள் சத்தமாகச் சொல்வதை நிறுத்தி நெடுங்காலம் ஆயிற்று. வேறொருவர் வாயில் அவன் கதை வந்தது எனக்குத் தாங்கவில்லை.

வளர்ந்த பொடியன் இருந்த வீடெல்லாம் ஒரு காதைத் தெருவில் வைத்துக்கொண்டு படுத்த சண்டைக் காலம் அது. வாசலில் ஒரு வாகனம் நின்றால் அம்மாவின் கை தன்பாட்டில் தம்பியின் தோளைப் பிடிக்கும். நீங்கள்தான் கப்பல் ஏஜென்ற் ஒருவரைப் பிடித்து அவனுக்கு ஒரு கப்பலில் மேல்தட்டு வேலை எடுத்துக் கொடுத்தீர்கள். உங்கள் லோஞ்சிலேயே அவனை ஏற்றிப் போனீர்கள். அம்மாவும் நானும் இறங்குதுறையில் நின்றோம். அவன் எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனான், நீங்கள் மட்டும் திரும்பவே இல்லை. வரும்போது லோஞ்சில் தனியாக வந்தீர்கள். "ஏணியில ஏறேக்க அவன் திரும்பிப் பாக்கேல்லை. நல்ல பிள்ளை. பாத்தாக் கால் வழுக்கும்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை.

அவன் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் கடிதம் போட்டான். கடிதத்துக்குள் ஒரு சின்னக் காசு ஒட்டியிருக்கும், ஆகச் சின்னக் காசு. நீங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போவீர்கள். பிறகு கடிதம் நின்றது. ஏஜென்ற் விசாரித்துச் சொன்னதெல்லாம் ஒரே ஒரு செய்திதான். ஏதோ ஒரு துறைமுகத்தில் பின்னேரம் கரைக்கு இறங்கியிருக்கிறான், கப்பல் வெளிக்கிடும்போது ஏறவில்லை. செத்தான் என்று சொல்ல ஒருவருமில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஒருவருமில்லை. "இறங்கினவன் ஏறுவான்" என்றீர்கள். பென்சன் எடுத்த பிறகும் உட்துறைமுக வீதியில் அந்த வாகை மரத்தடியில் போய் உட்கார்ந்து, வருகிற கப்பலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊருக்குள் திரியும் மான்கள் உங்கள் பையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும்.

அம்மாவின் செத்தவீட்டில் ஐயர் கேட்டார், மகன் எங்கே, கொள்ளி வைக்க வேணுமே என்று. "மகன் கப்பலில" என்றீர்கள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உங்கள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஊருக்கு முன்னால் ஏன் இந்த மனிசன் இப்படிச் சொல்கிறார் என்று. உங்கள் செத்தவீட்டில் அதே ஐயர் அதையே என்னிடம் கேட்டார். "தம்பி கப்பலில" என்று என் வாய் சொன்னது. என் கணவர்தான் உங்களுக்கும் கொள்ளி வைத்தார். மருமகன் குறையில்லாமல் செய்தார், அதைச் சொல்ல வேண்டும்.

வேற வேலை என்று நானா சொன்னது இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் விளக்கு வைக்கப் போன இடத்தில்தான் அது பட்டது. ஒவ்வொரு வருசப்பிறப்பிலும் மருத்துநீர் வைத்து முழுகி வந்ததும் நீங்கள் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரோடு சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்துவீர்கள். வருசக் கும்பிடு என்று நாங்கள் விட்டுவிடுவோம். நான் வெருகல் முருகன் படத்தைக் கழற்றினேன். பின்னால், ஆணியில், கையளவு ஒரு மஞ்சள் முடிச்சு தொங்கியது.

நேர்த்தி என்று உடனே தெரிந்தது. கேட்டது நடந்தால் கோயிலில் போடுகிறேன் என்று துணியில் காசு முடிந்து வைப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அவிழ்க்கத்தான் முடியவில்லை. வீட்டில் ஒருவரும் அப்படி முடிய மாட்டார்கள். அது லோஞ்சைக் கட்டுகிற கயிற்று முடிச்சு. சின்ன வயதில் எங்கள் இருவரையும் கட்டில் காலடியில் இருத்தி அதைப் பழக்கினீர்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு போடுவான். நான் கயிற்றை எறிந்துவிட்டு எனக்கேலாது என்று எழும்பிப் போனேன். "கட்டுறது பெரிசில்லை. இழுத்த உடன அவிழ வேணும்" என்று அவனுக்குச் சொல்வது அடுத்த அறையிலும் கேட்கும். எந்த நுனியை இழுப்பது என்று தெரியாமல், கடைசியில் சட்டை ஊசியால் நூல் நூலாக நெகிழ்த்தித்தான் திறந்தேன். பெருவிரலில் ஏறிய மஞ்சள் முதலில் அங்கேதான் ஏறியது.

துணி வெள்ளைச் சட்டையில் வெட்டியது. ஓரத்தில் ஒரு பொத்தான் துளை, அதைச் சுற்றி நூல் தையல், மஞ்சள் ஊறி அந்த நூல் பச்சையாய்த் தெரிந்தது. அது நான் தைத்தது. தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையில் துளை கிழிந்தபோது வீட்டில் வெள்ளை நூல் இல்லை, நீல நூலால் தைத்துவிட்டேன். வகுப்பில் எல்லோரும் பகிடி பண்ணினார்கள் என்று ஒரு கிழமை என்னோடு கதைக்காமல் இருந்தான். அந்தச் சட்டையை நீங்கள் வைத்திருந்தீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது, அப்பா. நான் சாமியறை நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். மகள் வந்து கேட்டபோது துணியைத்தான் காட்டினேன்.

உள்ளே வெள்ளிக்காரி. ஆனால் பழைய வெள்ளிக்காரி இல்லை. விளிம்பில் பொன்னிறம், உள்ளே போகப்போக ரோசா, ஊதா, நடுவில் ஆழமான நீலம். யன்னலடியில் திருப்பத் திருப்ப நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடின. திருநீற்றுத் தட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்த முறை நான் தொடவில்லை.

நானா அதை வில்லையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நிறங்களுக்கு ஊடாகத் துணியின் இழைகள் நெடுக்கும் குறுக்குமாய்ப் பதிந்திருந்தன.

"இது மருந்து போட்டு வந்த நிறமில்ல, தங்கச்சி. வருசக் கணக்கா துணிக்குள்ள கிடந்து, இந்தக் கடல் காத்தில மெல்ல மெல்ல வந்தது. அண்டைக்கி உங்கட அப்பா காட்டக்குள்ள சுத்த வெள்ளையா இருந்திச்சி."

"அப்ப இந்த நிறமெல்லாம்?"

"அதுக்குப் புறகு வந்ததுதான். கன்னத்தில ஒரு கருநீலக் கீத்து இரிக்கி, அதுதான் என்னெண்டு எனக்கு விளங்கல்ல."

பொத்தான் துளை இருந்த இடம் அது என்று சொன்னேன். யாருடைய சட்டை என்றும் சொன்னேன். அவர் காசை மெல்லத் துணியின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"நேர்ச்சைக் காசா?"

"ஓம், நானா."

"கடல்ல போனவனுக்கு வெச்ச நேர்ச்சைக்கி நான் விலை பேச மாட்டன். அதைத் தீர்த்திட்டு வாங்க. புறகு கொழும்பில நல்ல ஆள் ஒருத்தரு இரிக்காரு, நானே கதைச்சித் தாரன். குசினி இல்ல, முழு வீட்டுக்கும் கூரை போடலாம்." காசை விரலால் சுட்டிச் சொன்னார். "ஆனா சுணங்காதீங்க. இப்பதான் இது நிறத்தில உச்சியில இரிக்கி. திரும்பக் கட்டி வெச்சா இன்னும் கறுக்கும். முழுக்கக் கறுத்தா ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்க மாட்டான்."

நீங்கள் காத்திருந்ததற்கு ஊரில் ஒரு விலை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெள்ளையாய் இருந்த காசுக்குச் சொன்ன விலையில் அவனைத் தேட ஏலாது என்று கண்டு, அதையே முருகனிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அவன் வராத ஒவ்வொரு வருசமும் அதில் ஒரு நிறம் ஏறியிருக்கிறது. அவன் வராதவரையில் அதன் விலை ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

வெருகலுக்குப் போனேன். கிண்ணியாப் பாலம், மூதூர், கிளிவெட்டி வயல்கள் என்று பஸ் ஊர்ந்து போனது. கோயிலில் ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "நேர்த்தி வைச்சவர் போயிட்டா பிள்ளை செலுத்தலாம், அம்மா. இதே காசுதான் எண்டும் இல்லை. வேற காசு ஒண்டை மாத்திப் போட்டிட்டு இதை நீங்கள் எடுக்கலாம். குற்றமில்லை." அவ்வளவுதான். ஒரு பத்து ரூபாய்க் குத்திக் காசை உண்டியலில் போட்டால் வெள்ளிக்காரி விடுதலை, கூரை புதிது, மகளுக்கும் நிம்மதி.

ஒரு கையில் பத்து ரூபாயும் மறு கையில் முடிச்சுமாக உண்டியலுக்கு முன்னால் நின்றேன். எனக்கு முருகன்மேல்தான் முதலில் கோபம் வந்தது. செய்யாத வேலைக்குக் கூலி வாங்குகிற ஆளா நீ என்று மனதுக்குள் கேட்டேன். கோபம் அடங்கின பிறகு பயம் வந்தது. இந்தக் காசோ அந்தக் காசோ, எது உள்ளே விழுந்தாலும் கணக்கு முடிந்தது. முடிந்தது என்றால் அவன் வரமாட்டான் என்று நான் ஒத்துக்கொண்டதாகும். இனி யாராவது கேட்டால் கப்பலில் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் ஒருநாளும் சொல்லாத சொல்லை உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு முதல் நான் சொல்லிவிடுவதா? பத்து ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கற்பூரம் வாங்கி உங்கள் பேரில் கொளுத்திவிட்டு முடிச்சோடு திரும்பி வந்தேன்.

"அப்ப கூரை?" என்று மகள் கேட்டாள். தம்பி அனுப்பிய சின்னக் காசுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நான் தோலுரித்த வெள்ளிகளை நானாவிடம் நிறைக்குக் கொடுத்தேன். குசினியின் பாதிக்குப் போதும். மற்றப் பாதிக்கு வாளி வைப்போம் என்றேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். பின்னேரம் தானே வந்து மஞ்சள் கட்டையை எடுத்துத் தந்தாள்.

வருசப்பிறப்பன்று எங்கள் வீட்டில் மருத்துநீர் இல்லை, கைவிசேஷம் இல்லை. நான் மட்டும் செம்பில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு சாமியறைக்குள் போனேன். துணியை விரித்து, பொத்தான் துளை கன்னத்துக் கீற்றின் மேல் சரியாக வரும்படி காசை வைத்தேன். கறுக்கட்டும் அப்பா. தம்பி வந்து தன் கையால் போடுகிற அன்று, கறுத்த காசு வேண்டாம் என்று முருகன் சொல்லப்போவதில்லை.

முடிச்சுத்தான் வரவில்லை. மகள் தன் ஃபோனில் கப்பல்காரர் போடுகிற முடிச்சுகளையெல்லாம் தேடிக் காட்டினாள். இரண்டு பேரும் கட்டில் காலில் கயிறு போட்டுப் பார்த்தோம், உங்களுடையது எங்களுக்கு அகப்படவில்லை. கடைசியில் சேலைத் தலைப்பில் சில்லறை முடிகிற சாதாரண முடிச்சைத்தான் போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, படத்துக்குப் பின்னால் மாட்டினேன்.

அது பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. அவன் வந்தால் முதலில் சாமியறைக்குத்தான் போவான். முடிச்சைக் கையில் எடுத்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும், இது நீங்கள் போட்டதில்லை என்று. நான் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை.